விதியை மாற்றுகிற கை யாருடையது?

கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது: “சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்களிப்பதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. வென்றவர் அதற்குப் பிறகு கட்சி சொல்வதைக் கேட்கிறாரே தவிர என்னைக் கேட்பதில்லை. ஆட்சி மாறினாலும் இந்த நிலை மாறுவதில்லை. பிரதிநிதிகளை விட்டுவிட்டு மக்களே நேரடியாக முடிவெடுப்பதோ, குலுக்கல் முறையில் ஆட்களை அமர்த்துவதோ நடைமுறைக்கு ஒத்துவருமா?”

இந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது. அது புதிதும் அன்று. ஆங்கிலேயர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டுமே சுதந்திரமானவர்கள், தேர்தல் முடிந்ததும் மீண்டும் அடிமைகள் என்ற பொருளில் தத்துவ அறிஞர் ரூசோ 1762இலேயே எழுதிவிட்டார். இருநூற்று அறுபது ஆண்டுகளாக அதே குறையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றால், மாற்று யோசனைக்குப் பஞ்சம் வந்ததால் அப்படி ஆகிவிடவில்லை. விகிதாசாரப் பிரதிநிதித்துவம், திரும்ப அழைக்கும் உரிமை, பொது வாக்கெடுப்பு, பதவிக்கால வரம்பு, குலுக்கல் மன்றம் என்று யோசனைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் எது சிறந்தது என்று வாதிடுவதில் செலவாகும் நேரத்தில் பாதியையாவது, அதை எந்த அவை, எந்த வாக்கெண்ணிக்கையில், யாருடைய விருப்பத்தோடு சட்டமாக்கும் என்று யோசிப்பதில் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் தேர்தல் விதியை மாற்றும் அதிகாரம், அந்த விதியால் வென்று வந்தவர்களிடமே இருக்கிறது.

முதலில் குறையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். “என் பிரதிநிதி என்னைப் பிரதிபலிக்கவில்லை” என்பதற்குள் வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒரு நோய்க்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுப்பதால்தான் பல சீர்திருத்தங்கள் பலனில்லாமல் போகின்றன.

ஒரு நோய் வெறும் கணக்கு சார்ந்தது. ஒரு தொகுதியில் யாருக்கு அதிக வாக்கோ அவரே வென்றவர் என்ற முறையில், தோற்றவருக்கு விழுந்த வாக்குகள் அவையின் அமைப்பில் எந்தத் தடயத்தையும் விடுவதில்லை. பிரிட்டனில் 2024இல் நடந்த பொதுத் தேர்தலில் தொழிற்கட்சி 33.7 விழுக்காடு வாக்குகளைப் பெற்று, 650 இடங்களில் 411 இடங்களை வென்றது. அதே தேர்தலில் ரிஃபார்ம் கட்சி 14 விழுக்காட்டைத் தாண்டியும் 5 இடங்களோடு நின்றது. அதைவிடக் குறைவாக, சுமார் 12 விழுக்காடு மட்டுமே வாங்கிய லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 72 இடங்கள் கிடைத்தன. ஒரு கட்சியின் வாக்குகள் நாடு முழுவதும் பரவிக் கிடந்தன, மற்றொன்றின் வாக்குகள் குறிப்பிட்ட தொகுதிகளில் திரண்டிருந்தன என்பதே வித்தியாசம். இந்தியாவில் 2014 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் சுமார் 4 விழுக்காடு வாக்குகளோடு மூன்றாம் இடம் பிடித்த பகுஜன் சமாஜ் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எண்ணியவர்கள் நேர்மையாகவே எண்ணினார்கள். எண்ணும் விதியே இப்படிப்பட்ட விளைவைத் தருகிறது.

இந்த நோய்க்கு மருந்து தெரிந்ததுதான்: வாக்கு விகிதத்துக்கு நெருக்கமாக இடங்களைப் பகிரும் முறை. அதைக் கொண்டுவருவதில்தான் சிக்கல். கனடாவில் 2015 தேர்தலில், பழைய முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் இதுவே என்று லிபரல் கட்சித் தலைவர் ஜஸ்டின் ட்ரூடோ வாக்குறுதி தந்தார். அவருடைய கட்சி சுமார் 39.5 விழுக்காடு வாக்குகளைக் கொண்டு 338 இடங்களில் 184 இடங்களைப் பிடித்துத் தனிப்பெரும்பான்மை பெற்றது. 2017 பிப்ரவரியில் அந்த வாக்குறுதி கைவிடப்பட்டது. அவரைத் தனியாகக் குறை சொல்வதில் பயனில்லை. தன்னை ஏற்றிவிட்ட ஏணியைத் தானே அறுக்க யாருக்கும் மனம் வராது.

அப்படியென்றால் எங்குமே மாறவில்லையா என்றால், நியூசிலாந்தில் மாறியது. மாறிய விதம் கவனிக்கத்தக்கது. அங்கே 1978, 1981 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் நாடு முழுவதும் அதிக வாக்கு பெற்றது தொழிற்கட்சி, அதிக இடம் பெற்று ஆட்சி அமைத்தது தேசியக் கட்சி. 1981இல் சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சி ஐந்தில் ஒரு பங்கு வாக்குகளை வாங்கிவிட்டு, 92 உறுப்பினர் கொண்ட அவையில் இரண்டே இடங்களோடு அமர்ந்தது. அடிபட்ட தொழிற்கட்சி 1984இல் ஆட்சிக்கு வந்ததும் ஓர் அரச ஆணையத்தை அமைத்தது. தொகுதி உறுப்பினர்களோடு கட்சிப் பட்டியல்களிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து, மொத்த இடங்களை வாக்கு விகிதத்துக்கு ஈடாக்கும் கலப்பு விகிதாசார முறையை ஆணையம் 1986இல் பரிந்துரைத்தது. ஆட்சியில் வசதியாக அமர்ந்துவிட்ட கட்சிக்கு இப்போது அந்தப் பரிந்துரை கசந்தது. அறிக்கை அலமாரியிலேயே கிடந்திருக்கும். ஆனால் 1987 தேர்தலுக்கு முந்தைய தொலைக்காட்சி விவாதத்தில், கட்சி முடிவு செய்திராத நிலையில், பிரதமர் டேவிட் லாங்கி இதுபற்றிப் பொது வாக்கெடுப்பு நடத்துவதாகச் சொல்லிவிட்டார். அவர் கட்சி அதை நிறைவேற்றவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர்கள் என்று குத்திக்காட்டும் ஆசையில், எதிர்க்கட்சியான தேசியக் கட்சி அதே வாக்குறுதியை எடுத்துக்கொண்டு 1990இல் வென்றது. பிறகு தப்ப வழியில்லாமல் 1992இல் வாக்கெடுப்பை நடத்தியது. அதில் 84.7 விழுக்காட்டினர் மாற்றம் வேண்டும் என்றார்கள்; முடிவை ஏற்றே ஆக வேண்டும் என்ற நிலையில் 1993இல் நடந்த இரண்டாவது வாக்கெடுப்பில் 53.9 விழுக்காட்டினர் புதிய முறையை ஏற்றார்கள். 1996இல் முதல் தேர்தல் நடந்தது. இரண்டு பெரிய கட்சிகளும் விரும்பாத ஒன்று, அவை ஒன்றையொன்று மடக்கப் பார்த்ததால் சட்டமானது. இதைத் திட்டமிட்டு இன்னொரு நாட்டில் நிகழ்த்திக் காட்ட முடியாது.

விகிதாசார முறை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பட்டியலில் யாருடைய பெயர் மேலே இருக்க வேண்டும் என்று கட்சித் தலைமை முடிவு செய்யும் வடிவங்களில், கணக்கு நேராகும்போதே இரண்டாவது நோய் முற்றிவிடக்கூடும்.

அந்த இரண்டாவது நோய், வென்றவரின் கழுத்தில் கட்டிய கயிறு யார் கையில் இருக்கிறது என்பது. 1774 நவம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், தம்மை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்த வாக்காளர்களிடம் பேசிய எட்மண்ட் பர்க், பிரதிநிதி தம் உழைப்பை மட்டுமல்லாமல் தம் சொந்த மதிப்பீட்டையும் தர வேண்டியவர், உங்கள் கருத்துக்காக அதைப் பலியிட்டால் உங்களுக்குத் துரோகம் செய்கிறார் என்றார். கம்பீரமான வாதம்தான். ஆறு ஆண்டுகள் கழித்து, 1780இல், தோல்வி உறுதி என்று தெரிந்ததும் அவர் அதே ஊரில் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் இன்றைய நிலையில் பர்க்குக்கும் பிரிஸ்டல் வாக்காளருக்கும் இடையிலான அந்தச் சண்டையே பழங்கதை. உறுப்பினர் தம் மனச்சாட்சிப்படியும் வாக்களிப்பதில்லை, தொகுதியின் விருப்பப்படியும் வாக்களிப்பதில்லை. கொறடா உத்தரவுப்படி வாக்களிக்கிறார்.

இதற்கு இந்தியாவின் கட்சித் தாவல் தடைச் சட்டத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரண்டு வாரங்களுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். “ஆயா ராம், கயா ராம்” என்ற வழக்கே அதிலிருந்து பிறந்தது. அப்படிப்பட்ட விலை பேசலை நிறுத்துவதற்காக 1985இல் அரசமைப்புச் சட்டத்தின் 52ஆவது திருத்தம் வந்தது. நோக்கம் வாக்காளரைக் காப்பது. ஆனால் கட்சி மாறுவதோடு நிற்காமல், கட்சியின் உத்தரவை மீறி எந்த மசோதாவில் வாக்களித்தாலும், வாக்களிக்காமல் விலகி நின்றாலும்கூட, பதவி பறிபோகலாம் என்று அந்தச் சட்டம் விதித்தது. அரசு நிலைக்குமா கவிழுமா என்று முடிவாகும் வாக்கெடுப்புக்கு மட்டும் அந்தத் தண்டனையை வைத்திருந்தால் ஆட்சிக் கவிழ்ப்பு வியாபாரமும் நின்றிருக்கும், உறுப்பினருக்கு மற்ற நாள்களில் வாயும் இருந்திருக்கும். ஒரு சந்தையை மூடப்போய், அவையில் பேசப்படும் வாதங்களால் ஒரு வாக்குகூட மாற முடியாத நிலையை உண்டாக்கிவிட்டோம். சீர்திருத்தம் என்ற பெயரில் வந்ததெல்லாம் பிரதிநிதியை மக்களிடம் நெருக்கிவிடுவதில்லை.

பதவிக்கால வரம்பும் இந்த வகையில் சேரும். கலிஃபோர்னியா 1990இல் கீழவைக்கு ஆறு ஆண்டு, மேலவைக்கு எட்டு ஆண்டு என்று வாழ்நாள் வரம்பு வைத்தது. வேலை பழகுவதற்குள் வெளியேற வேண்டியவர், பழகிய ஆட்களைச் சார்ந்திருக்க வேண்டியதாகிறது. அந்தப் பழகிய ஆட்கள் அதிகாரிகளும் தொழில்துறைத் தரகர்களும். 2012இல் வாக்காளர்களே அதைத் தளர்த்தி, இரு அவைகளிலும் சேர்த்துப் பன்னிரண்டு ஆண்டு என்று மாற்றினார்கள்.

திரும்ப அழைக்கும் உரிமை மேடையில் கைதட்டல் வாங்கும். நடைமுறையில், தோற்ற கட்சி மறுநாளே கையெழுத்து வேட்டையைத் தொடங்கும் என்ற அச்சத்தால் அதற்கு வேலி போட வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில், உறுப்பினர் சிறைத் தண்டனை பெறுவது, அவையால் குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் இடைநீக்கப்படுவது போன்ற ஏதாவது நடந்தால்தான் மனு திறக்கும். பிறகு ஆறு வாரத்தில் தொகுதி வாக்காளர்களில் பத்து விழுக்காட்டினர் கையெழுத்திட வேண்டும். நியாயமான வேலிதான். ஆனால் “என்னைக் கேட்காமல் வாக்களித்தார்” என்ற உங்கள் குறைக்கு அந்தக் கதவு திறக்காது.

இனி நேரடி வாக்கெடுப்பு. சுவிட்சர்லாந்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை எதிர்த்து நூறு நாளில் 50,000 கையெழுத்து திரட்டினால் அது மக்கள் வாக்கெடுப்புக்குப் போகும். அரசமைப்பைத் திருத்த, பதினெட்டு மாதங்களில் 100,000 கையெழுத்து போதும். இதன் உண்மையான பலன் வாக்கெடுப்பு நாளில் தெரிவதைவிட அதற்கு முன்னால்தான் அதிகம் தெரிகிறது என்று நினைக்கிறேன். யாராவது கையெழுத்து திரட்டிவிடுவார்கள் என்ற பயம் இருப்பதால், எதிர்க்கக்கூடிய எல்லாரையும் சட்டம் எழுதும்போதே கூப்பிட்டுக் கேட்கிறார்கள். மக்கள் கையில் இருப்பது வண்டி ஓட்டும் சக்கரம் என்பதைவிடத் தடைக்கட்டை என்பதே பொருத்தம்.

அந்தத் தடைக்கட்டையின் இன்னொரு முகத்தையும் மறைக்கக் கூடாது. பெண்களுக்குக் கூட்டாட்சி அளவில் வாக்குரிமை தரும் திருத்தத்தை 1959இல் சுவிஸ் ஆண் வாக்காளர்கள் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு நிராகரித்தார்கள். அது 1971இல்தான் நிறைவேறியது. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சிறு மாநிலம் தன் உள்ளூர்த் தேர்தலில் அதற்குப் பின்னும் மறுத்துவந்தது. 1990இல் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்ட பிறகே பெண்கள் அங்கே வாக்களிக்க முடிந்தது. வாக்குரிமை உள்ளவர்களிடம் போய், இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால் இப்படித்தான் ஆகும். விதியை மாற்றும் கை யாருடையது என்ற அதே சிக்கல், பிரதிநிதிகளை நீக்கிய பிறகும் வேறு உருவில் நம்மோடு வருகிறது.

குலுக்கலுக்கு வருகிறேன். தேர்தல்தான் மக்களாட்சியின் அடையாளம் என்பது பிற்காலத்து நம்பிக்கை. குலுக்கல் மக்களாட்சிக்கு உரியது, தேர்தல் சிலராட்சிக்கு உரியது என்று அரிஸ்டாட்டில் வகைப்படுத்தினார். ஏதென்சில் பத்து இனக்குழுக்களிலிருந்து ஐம்பது ஐம்பது பேராக 500 பேர் கொண்ட மன்றம் ஆண்டுதோறும் குலுக்கலில் அமைந்தது. ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் அதில் அமர முடியாது. படைத்தலைவர்களைக் குலுக்காமல் வாக்களித்தே தேர்ந்தெடுத்தார்கள். எதற்குத் திறமை வேண்டும், எதற்குப் பொது அறிவு போதும் என்று அவர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

தமிழில் குலுக்கலைப் பற்றிப் பேசும்போது உத்திரமேரூர் வராமல் இருக்காது. ஆனால் அந்தக் கல்வெட்டைப் பெருமைக்காக மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர், படிக்கிறவர்கள் குறைவு. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்த விதிகளின்படி, தகுதி உள்ளவர்களின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டு, குடும்பு (ஊரின் உட்பகுதி) வாரியாகக் கட்டப்பட்டு, குடத்தில் இடப்படும். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏந்தி வாங்கி, உரக்கப் படிக்க வேண்டும். விரல்களை மடக்கினால் இன்னொரு ஓலையை மறைத்துவைக்கலாம் என்று யோசித்து எழுதிய விதி அது. அதைவிட முக்கியமானது, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களின் பெயரும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களின் பெயரும் குடத்துக்குள்ளேயே போகக் கூடாது என்ற விலக்கு. நிலம், சொந்த மனை, வயது, வேதப் படிப்பு என்ற தகுதிகளால் அது ஒரு பிராமணச் சபைக்குள் அடைபட்ட ஏற்பாடுதான்; அதை இன்றைய பொருளில் மக்களாட்சி என்பது மிகை. ஆனால் அதிகாரத்தில் இருப்பவனை நம்பாமல் விதி எழுதுவது எப்படி என்பதை அதிலிருந்து கற்கலாம்.

இக்காலத்தில் குலுக்கல் மன்றத்துக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் அயர்லாந்து. குலுக்கலில் வந்த 99 குடிமக்களும் ஒரு தலைவரும் கொண்ட மன்றம் 2016 முதல் கூடி, கருக்கலைப்புத் தடை பற்றி வல்லுநர்களையும் பாதிக்கப்பட்டவர்களையும் கேட்டு, தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2018 மே மாத வாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் அதை ஏற்றார்கள். அரசியல்வாதிகள் பல பத்தாண்டுகளாகத் தொட அஞ்சிய விஷயம் அது. எனக்கு இதைவிடப் பாடம் தருவதாகத் தோன்றுவது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் கதை.

அங்கே 2001 தேர்தலில் லிபரல் கட்சி 57.6 விழுக்காடு வாக்குகளைப் பெற்று, 79 இடங்களில் 77 இடங்களை வென்றது. முந்தைய தேர்தலில் அதிக வாக்கு வாங்கியும் தோற்ற கட்சி அது. அந்தக் காயத்தால், வெற்றியின் உச்சியிலும் வாக்குறுதியை மறக்காமல், தேர்தல் முறையை ஆராயக் குடிமக்கள் மன்றம் ஒன்றை 2004இல் அமைத்தது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஓர் ஆண், ஒரு பெண், பழங்குடிச் சமூகத்திலிருந்து இருவர், ஆக 160 பேர், குலுக்கலில் வந்தார்கள். வார இறுதிகளில் கூடி உலகின் தேர்தல் முறைகளைப் படித்தார்கள். மாநிலம் முழுவதும் ஐம்பது பொதுக் கூட்டங்களில் மக்களின் கருத்தைக் கேட்டார்கள். கடைசியில், வாக்காளர் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கும் ‘ஒற்றை மாற்று வாக்கு’ என்ற விகிதாசார முறையை 146க்கு 7 என்ற வாக்கில் பரிந்துரைத்தார்கள். தேர்தல் முறையைப் பற்றி ஓராண்டு முன்பு ஒன்றும் தெரியாதிருந்தவர்கள் இவர்கள். பொதுமக்களுக்குச் சிக்கலான விஷயம் புரியாது என்று சொல்லும் யாருக்கும் இந்த ஓராண்டைக் காட்டலாம்.

2005 மே மாதம் பரிந்துரை மக்களிடம் போனது. 57.7 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். 79 தொகுதிகளில் 77இல் பெரும்பான்மை கிடைத்தது. அதாவது, நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்சிக்கு ஏறத்தாழ மொத்த அவையையும் அள்ளிக் கொடுத்த அதே அளவு ஆதரவு. பரிந்துரை தோற்றது. அறுபது விழுக்காடு கிடைத்தால்தான் ஏற்போம் என்று அரசு முன்கூட்டியே நிபந்தனை வைத்திருந்தது. 2009இல் இரண்டாம் முறை கேட்டபோது ஆதரவு 39 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. மன்றத்தில் பிழையில்லை, மக்களிடமும் பெரும்பான்மை இருந்தது. எத்தனை பேர் சொன்னால் போதும் என்று முடிவு செய்யும் பேனா மட்டும் பழைய கையிலேயே இருந்தது.

இதே பேனா வேறிடங்களிலும் வேலை செய்திருக்கிறது. ஐஸ்லாந்தில் மக்கள் பங்கேற்போடு எழுதப்பட்ட அரசமைப்பு வரைவை 2012 வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தும் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை. அயர்லாந்திலேயே, பிறரைப் பராமரிக்கும் பணியை அரசு ஆதரிக்கக் கடமைப்பட்டது என்று பின்னர் கூடிய இன்னொரு குடிமக்கள் மன்றம் பரிந்துரைத்ததை, ஆதரிக்க “முயலும்” என்று அரசு தளர்த்தி எழுதி 2024 மார்ச்சில் முன்வைத்தது. சுமார் 74 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். தோல்விக்கு அந்தச் சொல் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மன்றம் தந்த கேள்வியும் மக்கள் பார்த்த கேள்வியும் ஒன்றாக இல்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பிரதிநிதிகளை முற்றிலும் நீக்கிவிட்டுக் குலுக்கலில் ஆட்சி நடத்தலாம் என்பதை நான் ஏற்கவில்லை. குலுக்கலில் வந்தவரை மறுபடி தோற்கடிக்க முடியாது. அவருக்கு அடுத்த தேர்தல் என்ற பயமே கிடையாது. வரவுசெலவுத் திட்டம், போர், வரி ஆகியவற்றில் தவறு செய்தவரைத் துரத்தும் உரிமை, எவ்வளவு மொண்ணையான ஆயுதமாக இருந்தாலும், கையை விட்டுப் போகக் கூடாது. ஆனால் உறுப்பினர்கள் தம் சொந்த வழக்குக்குத் தாமே நீதிபதிகளாக அமரும் விஷயங்கள் சில உண்டு: தேர்தல் முறை, தொகுதி எல்லை, கட்சி நிதி, உறுப்பினர் ஊதியம், கொறடாவின் அதிகார எல்லை. இவற்றை மட்டும் குலுக்கல் மன்றத்திடம் விட வேண்டும். மன்றம் எழுதிய கேள்வி ஒரு சொல்லும் மாறாமல் வாக்கெடுப்புக்குப் போக வேண்டும். எத்தனை விழுக்காடு தேவை என்பதையும் அந்த அரசு முடிவு செய்யக் கூடாது. இதற்கான சட்டத்தையும் முதலில் ஒரு நாடாளுமன்றம்தானே இயற்ற வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம், அதனால்தான் அதைக் கேட்க வேண்டிய நேரம், எந்தக் கட்சிக்கும் அடுத்த வெற்றி உறுதியில்லாத நேரம்.

சிறிய அளவில் தொடங்க விரும்புகிறவர்களுக்குப் பெல்ஜியத்தின் ஜெர்மன் மொழிச் சமூகம் ஒரு முன்மாதிரி வைத்திருக்கிறது. 2019இல் அங்கே 24 பேர் கொண்ட நிரந்தரக் குடிமக்கள் அவை அமைக்கப்பட்டது. எந்தப் பொருளைப் பற்றி, குலுக்கலில் வரும் அடுத்த குடிமக்கள் மன்றம் கூட வேண்டும் என்று தீர்மானிப்பதும், முந்தைய பரிந்துரைகள் என்ன ஆயின என்று பின்தொடர்ந்து கேட்பதும் அதன் வேலை. பரிந்துரையை நிராகரிக்க நாடாளுமன்றத்துக்கு அங்கே உரிமை உண்டு. ஆனால் ஏன் நிராகரிக்கிறோம் என்று அது காரணம் சொல்லியாக வேண்டும்.